ஓடைக்கு எட்ட நில், குதிரையே!

நெவாடாவின் பாலைமலைகளில் குதிரையோடு முகாம் போடப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்.

டிரெய்லரின் பின்கதவு திறந்ததும் குதிரையின் மூக்கு விடைக்கிறது. வழிநெடுக அது முகர்ந்ததெல்லாம் புழுதியும் சேஜ் புதர்களின் காட்டமும்தான். இப்போது ஈர மண்ணின் வாசனை. மரங்களுக்கு அப்பால், ஒரே எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடை சலசலக்கிறது. குதிரை அந்தப் பக்கம் இழுக்கிறது. ஆனால் அனுபவப்பட்ட குதிரைக்காரர் விடுவதில்லை. முதலில் அதை ஓடைக்குத் தள்ளிக் கட்டுகிறார். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு தானே ஓடைக்கு நடக்கிறார்.

அமெரிக்காவிலேயே மழை மிகக் குறைந்த மாநிலம் நெவாடா. ஆண்டுக்குச் சராசரியாக 25 செ.மீ. அளவில்தான் பெய்கிறது. மாநிலத்தின் நடுவே, வடக்குத் தெற்காகச் சுமார் 190 கி.மீ. நீண்டு கிடக்கிறது தோயாபே மலைத்தொடர். அதன் உச்சியான ஆர்க் டோம் 11,700 அடிக்கும் மேல். குளிர்காலத்தில் அங்கே விழும் பனி, வெயில் ஏற ஏற உருகி ஓடைகளாக இறங்குகிறது. பல ஓடைகளின் பயணம் சில கிலோமீட்டர்தான். சமவெளியை எட்டியதும் மணலில் மறைந்துவிடுகின்றன. எதுவும் கடலைப் பார்ப்பதில்லை.

ஓடை இருக்கும் இடத்தில்தான் முகாம். 200 பேர்கூட வசிக்காத ஆஸ்டின் என்ற பழைய சுரங்க ஊருக்குத் தெற்கே பிக் ஓடை, கிங்ஸ்டன் ஓடை ஆகியவற்றின் கரைகளில் வனத்துறையின் சிறிய முகாம்கள் இருக்கின்றன. மலையின் மேற்குச் சரிவில், ஸ்டூவர்ட் ஓடையருகே ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே இருப்பது கொலம்பைன் முகாம். இங்கே வருகிறவர்கள் பெட்ரோல் முதல் குதிரைத் தீவனம் வரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுதான் வர வேண்டும். ஆஸ்டின் வழியாகப் போகும் 50ஆம் எண் நெடுஞ்சாலைக்கு 'லைஃப்' பத்திரிகை 1986இல் வைத்த பெயர்: அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை.

இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் உண்டு. ஆர்க் டோமைச் சுற்றி சுமார் 1,15,000 ஏக்கர், 1989இல் இயற்கைக் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய பகுதிகளில் மோட்டார் வண்டி கூடாது, சைக்கிளும் கூடாது. நடக்கலாம், அல்லது குதிரையேறிப் போகலாம்.

சிக்கல் குதிரையின் எடையில் இருக்கிறது. 450 கிலோ உடம்பை நான்கு குளம்புகள் தாங்குகின்றன. ஒரே இடத்தில் பத்துத் தடவை இறங்கினால் ஈரக்கரை இடிந்து சேறாகும். சேறு படிந்தால் சரளையில் மீன் இட்ட முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். அருகிலுள்ள ரீஸ் ஆற்றின் துணை ஓடைகள் சிலவற்றில் லஹோன்டன் கட்த்ரோட் என்ற டிரவுட் மீன் வாழ்கிறது. நெவாடாவின் மாநில மீனான அது, அழியும் ஆபத்து காரணமாக 1970 முதல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

அதனால்தான் வாளி. குதிரை ஒன்றுக்கு நாளைக்கு 40 லிட்டர் வரை தேவைப்படும். நேராகக் குடிக்க விட்டே ஆக வேண்டுமென்றால் கல்பாங்கான துறையில்தான். கட்டும் இடம் தண்ணீரிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளி இருக்க வேண்டும். குதிரையை நேராக மரத்தில் கட்டினால் பட்டையைக் கடிக்கும், வேரைத் தோண்டும். எனவே இரண்டு மரங்களுக்கு இடையே, தலைக்கு மேல் உயரத்தில் கயிறு இழுத்து அதில் கட்டுகிறார்கள். பட்டை அறுபடாதிருக்க மரத்தைச் சுற்றி அகலமான நாடா.

தீவனத்திலும் எச்சரிக்கை வேண்டும். களை விதையில்லாதது என்று சான்று பெற்ற வைக்கோலைத்தான் வனத்துறை அனுமதிக்கிறது. வெளியிலிருந்து வந்த சீட்கிராஸ் புல், கோடை தொடங்கும்போதே காய்ந்து காட்டுத்தீக்கு விறகாகிறது. ஒரு கட்டு வைக்கோல் ஒரு பள்ளத்தாக்கையே கெடுத்துவிடக்கூடும்.

அப்படியானால் குதிரையையே தடுத்துவிட்டால் என்ன? காப்புப் பகுதியில் மோட்டார் ரம்பத்துக்கும் பொதுவாகத் தடை. பாதையில் மரம் விழுந்தால் கை ரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ரம்பம், கோடரி, சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்து போகக் குதிரையும் கோவேறு கழுதையும் வேண்டும். 1973இல் மொன்டானாவில் தொடங்கிய 'பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென்' அமைப்பின் தொண்டர்கள், அமெரிக்காவின் பல மலைகளில் இந்த வேலையைக் கூலியில்லாமல் செய்கிறார்கள். குதிரைகள் வராமல் போனால், நடந்து போகிறவர்களுக்கும் பல பாதைகள் மூடிப்போகும்.

காலையில் கிளம்புமுன் கடைசி வேலை. லத்தியை வாரி, காய்ந்து போகும்படி பரப்பிவிடுகிறார்கள். குளம்பு தோண்டிய குழிகளை மண் தள்ளி மூடுகிறார்கள். சிந்திய வைக்கோலைப் பொறுக்கி மூட்டை கட்டுகிறார்கள். அதற்குப் பிறகுதான் குதிரையின் முதுகில் சேணம் ஏறுகிறது.