மனவடுவும் இழப்பீடும்

கட்டுமானத் தளத்தில் சாரம் சரிகிறது. ஒருவர் விழுந்து கால் முறிகிறார். அருகில் நின்ற மற்றொருவர் கம்பியைப் பற்றிக்கொண்டு கீறலின்றித் தப்புகிறார். முதலாமவரின் காயத்தை அனைவரும் அறிவர். இரண்டாமவரை நோக்கி, ‘நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை’ என்கிறோம். ஆயினும் சில மாதங்கள் கழிந்த பின்னரும் அவர் உறங்க இயலாமலும் உயரத்தில் ஏற இயலாமலும் வேலையை இழக்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத இக்காயத்தை மருத்துவமும் சட்டமும் எவ்வாறு அறிகின்றன என்பதை ஈண்டுக் காண்போம்.

இந்நோயைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோய் என்பர். இலங்கைத் தமிழ் மனநல எழுத்துகளில் வழங்கும் ‘மனவடு’ என்னும் சொல் சுருக்கமும் பொருட்செறிவும் உடையது. முதல் உலகப்போர்க் காலத்தில், 1915ஆம் ஆண்டு, சார்ல்ஸ் மயர்ஸ் என்னும் மருத்துவர் போர்வீரரிடம் கண்ட நிலையை ‘குண்டதிர்ச்சி’ எனக் குறித்து எழுதினார். எனினும், 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதனைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

இதன் அறிகுறிகள் நால்வகைப்படும். நிகழ்ந்தது நினைவிலும் கனவிலும் அழையாமலே மீண்டும் மீண்டும் வருதல். அதனை நினைவூட்டும் இடம், பேச்சு, மனிதர் ஆகியவற்றைத் தவிர்த்தல். தன்மீதும் உலகின்மீதும் நம்பிக்கை இழந்து உணர்வு மரத்துப்போதல். சிற்றொலிக்கும் திடுக்கிட்டு, எப்போதும் விழிப்பும் சினமும் கொண்டிருத்தல். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்கும்போதே மருத்துவர் இந்நோய் என உறுதிசெய்வர். இது கோழைத்தனமன்று, முறையான உளவியல் சிகிச்சையால் பலர் நலமடைகின்றனர்.

சட்டம் இக்காயத்தைக் காண நெடுங்காலம் பிடித்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், இருப்புப்பாதைக் கடவையில் காவலரின் கவனக்குறைவால் ஒரு தம்பதியரின் வண்டி ரயிலில் மோதும் நிலைக்கு வந்தது. ரயில் வண்டியைத் தொடவில்லை. எனினும் மனைவி அதிர்ச்சியால் கடும் நோயுற்றார். 1888இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவருக்கு இழப்பீட்டை மறுத்தது. நம் நாட்டு வழக்குகளுக்கும் அக்காலத்தில் அதுவே இறுதி மேல்முறையீட்டு மன்றம். சற்றேறக்குறைய நூறாண்டு கழித்து, 1982இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் அவை வேறுவிதமாகத் தீர்ப்பளித்தது. விபத்து நிகழ்ந்த இடத்தில் இல்லாமல், ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குப் பின் மருத்துவமனைக்கு விரைந்து குடும்பத்தாரின் நிலையைக் கண்ட தாய்க்கு அது இழப்பீட்டுரிமை வழங்கியது.

சிங்கப்பூர் உயர்நீதிமன்றம் 1993இல், கவனக்குறைவான அறுவைக்குப் பின் மகள் நலிந்து இறந்ததை உடனிருந்து கண்ட தாயின் கோரிக்கையை ஏற்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய வழக்குகளுக்கான நெறியைத் தெளிவாக்கியது. துயரமோ கலக்கமோ மட்டும் போதா. மருத்துவம் ஏற்கும் மனநோய் இருத்தல் வேண்டும். அடுத்து, பாதிக்கப்பட்டவரோடு கொண்ட உறவின் நெருக்கம், நிகழ்ந்த காலத்துக்கும் இடத்துக்கும் உள்ள அண்மை, அதிர்ச்சி எவ்வழியாக வந்தது என்பன ஆராயப்படும். தாமே ஆபத்தில் சிக்கியவரின் நிலை, பிறர் துன்பத்தைக் கண்டவரின் நிலையினும் வலிமையுடையது.

காலவரையறையும் இன்றியமையாதது. சிங்கப்பூரில் வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ்க் கோருவோர், விபத்து நேர்ந்த ஓராண்டுக்குள் கோரவேண்டும். அங்குத் தவறு எவருடையது என மெய்ப்பிக்க வேண்டியதில்லை. கவனக்குறைவைக் காட்டித் தொடரும் வழக்கில், உடல் அல்லது மனக் காயத்துக்குப் பொதுவாக மூன்றாண்டுகள் உண்டு. மலேசியாவின் பொதுவான எல்லை ஆறாண்டுகள். அரசுத் துறையினர்மீதாயின் மூன்றாண்டுகள். மனவடுவின் இயல்போ நிகழ்ந்ததைப் பேசவிடாமல் தவிர்க்கச் செய்வது. நோயே நோயாளியைத் தாமதிக்கச் செய்கிறது. காலமோ அவருக்காகக் காத்திருப்பதில்லை.

ஆதலின் விரைவில் மருத்துவரை நாடுதல், அறிகுறிகளை நாள் குறித்து எழுதிவைத்தல், முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்தல், வழக்கறிஞரையோ அரசின் சட்ட உதவி அலுவலகத்தையோ அணுகுதல் ஆகியன தேவை.

எலும்பு முறிவை ஊடுகதிர்ப் படம் காட்டும். மனவடுவைக் காட்டப் பெரும்பாலும் நோயாளியின் சொல்லே உண்டு. நம்மவர் பலர் மருத்துவரிடம் ‘மனசு சரியில்லை’, ‘தூக்கம் வரவில்லை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வர். ‘வாரத்தில் நான்கு இரவுகள் அதே விபத்தைக் கனவில் காண்கிறேன்; படியேறினால் கை நடுங்குகிறது’ என்று கூறினால், மருத்துவ அறிக்கை வேறாகும்; வழக்கின் முடிவும் வேறாகலாம். பெற்றோருக்காக மொழிபெயர்க்கும் மாணவர் இதனை அறிந்திருத்தல் நன்று. அவர்கள் கூறாததை நாம் சேர்க்கலாகாது. கூறியதை நாணத்தால் சுருக்கவும் கூடாது. வகுப்பறையில் தன் உணர்வைத் துல்லியமான தமிழில் உரைக்கப் பழகிய மாணவர், பின்னாளில் தம் வீட்டார் ஒருவரின் உரிமைக்குத் துணைநிற்க இயலும்.