சில்லின் உட்புறம்



உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. மனிதர் இதனை மறப்பதுண்டு, இரும்பு மறப்பதில்லை. தன்மீது ஒருமுறை படிந்த உப்பைத் தன் உடல் உள்ளளவும் நினைந்து நினைந்து அது தேய்கின்றது. மன்னார்த் தீவில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுச் சாளரக் கம்பியும், பாடசாலை வாயிற்கதவும், துவிச்சக்கர வண்டியின் சங்கிலியும் நாள்தோறும் நமக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்துக்கொண்டிருக்கின்றன.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. மோட்டார் வண்டியின் சில்லை, சிறப்பாகக் கையெட்டாத அதன் உட்புறத்தை, ஆபத்தின்றிக் கழுவுவது எப்படி என்பதே அது. பாடசாலை அதிபர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, நோயுற்றிருந்த என் தாயாரை வவுனியாவுக்கு அழைத்துச் சென்றேன். முருங்கனைத் தாண்டியதும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ரயரிற் காற்றில்லை. ஆணியும் இல்லை, கிழிசலும் இல்லை. மாற்றுச் சில்லைப் பூட்டிக்கொண்டு ஒருவாறு போய்ச் சேர்ந்தோம். மறுநாள் அந்தச் சில்லைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், ரயரின் விளிம்பு வந்து பொருந்தும் இடத்தைக் காட்டினார். அங்கே அலுமினியம் வெண்பொடியாகப் பூத்துக் கிடந்தது. அந்தப் பொருக்கின் இடுக்கு வழியே காற்று சிறிது சிறிதாகக் கசிந்திருக்கின்றது. ஆண்டுக்கணக்காக நான் சில்லின் முகத்தை மட்டுமே கழுவி வந்தேன், முதுகைக் கழுவவில்லை. என் தாயார் பின்னர் நலம்பெற்றார். ஆயினும் வீதியோரத்தில் இருளில் நின்ற அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை.

உப்பு எங்கிருந்து வருகின்றது? கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. சோளகம் வீசும் மாதங்களில் அலைமுகத்திலிருந்து எழும் நுண்திவலைகள் தீவு முழுவதும் பரவுகின்றன. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியிலும், 2010 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் செல்லும் ஒவ்வொரு வண்டியும் இரு மருங்கும் உள்ள கடலின் காற்றில் நனைந்தே செல்கின்றது. மீன் ஏற்றிச் செல்லும் லொறிகளிலிருந்து சொட்டும் பனிக்கட்டி நீரும் வீதியில் உப்பைத் தெளிக்கின்றது.

பகலிற் காய்ந்து கிடக்கும் உப்பு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75 வீதத்தை எட்டும்போது சாதாரண உப்புத் தானே நீரை ஈர்த்துக் கரைசலாகின்றது. கடலுப்பிற் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டோ 33 வீதத்திலேயே இளகத் தொடங்கிவிடுகின்றது. எனவே, கொட்டிலில் நிறுத்திய வண்டி இரவெல்லாம் உப்புநீரில் நிற்பதற்கு ஒப்பாகின்றது. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் இயல்பாக உண்டாகும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். குளோரைட்டு அந்தப் படலத்தைத் துளைக்கின்றது. அலுமினியச் சில்லும் உருக்கு நட்டும் சந்திக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால், அது ஒரு சிறு மின்கலம்போலாகி அலுமினியத்தை அரிக்கின்றது.

கலப்புலோகச் சில்லு இன்று பலரிடம் உண்டு. அது பந்தயக் களத்திலிருந்து நமக்கு வந்தது. 1924 ஆம் ஆண்டு பிரான்சில் வெளிவந்த புகாட்டி 35 என்னும் பந்தய வண்டி வார்ப்பு அலுமினியச் சில்லுகளுடன் ஓடியது. 1953 இல் லெ மான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் வண்டியில் தட்டுப் பிறேக்குகள் இருந்தன. அதிவேக வண்டிகளில் இவை இரண்டும் இப்போது இணைந்தே காணப்படுகின்றன. அகன்ற சில்லு, அதனுள்ளே பெரிய பிறேக் தட்டு, தட்டைக் கவ்வும் பிடி, இவற்றுக்கிடையே ஒரு விரல்கூட நுழைய இயலாத இடைவெளி. உடற்கூடும் தாழ்ந்திருப்பதால் மேலிருந்தும் கை செல்லாது. பிறேக் தேய்வதால் உண்டாகும் இரும்புத் தூள் அந்த இடுக்கில் ஒட்டிக்கொள்ள, உப்பு அதனோடு சேர்ந்து துருவை வளர்க்கின்றது.

சென்ற விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் அத்தகைய வண்டியொன்றிற் கொழும்பிலிருந்து வந்தார். தலைமன்னார் வரை சென்று திரும்பியதும், குழாயைத் திறந்து சில்லின்மீது நீரைப் பாய்ச்ச முற்பட்டார். "தம்பி, கொஞ்சம் பொறும்!" என்று தடுத்தேன். "ஏன் சேர்?" என்று கேட்டார். அவருக்குக் கூறியதையே உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலாவது, சில்லு ஆற வேண்டும். கடுமையாக அழுத்திய பிறேக் தட்டு பல நூறு பாகை வெப்பத்தை அடையக்கூடும். அதன்மீது குளிர்நீர் பட்டால் ஒரு பகுதி திடீரெனச் சுருங்க, மறுபகுதி சுருங்காது. தட்டு நெளியவும் வெடிக்கவும் ஏதுவாகும். நிழலில் நிறுத்தி, கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள்.

இரண்டாவது, வண்டி அசையக்கூடாது. சமநிலத்தில் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிறேக்கை இழுத்து, கழுவாத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சில்லைக் கழற்றித்தான் கழுவ வேண்டுமெனில், நம் மணலில் ஜாக்கி புதையும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அகலமான பலகையை அடியிலிட்டு, உறுதியான தாங்கியும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் எவரும் உடலை நுழைக்கலாகாது.

மூன்றாவது, முதலில் நல்ல நீரால் மணலையும் உப்பையும் அலசிவிடுங்கள். நீரை ஆரக்கால்களின் இடைவழியாக உள்ளே செலுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். பின்னர் மென்மையான சவர்க்கார நீரும், நீண்ட கைப்பிடியுள்ள மெல்லிய தூரிகையும் கொண்டு உட்புறத்தைத் தேயுங்கள். தூரிகையின் நுனியில் உலோகம் இருந்தால் அதனைத் துணியாற் சுற்றுங்கள். இதற்கென ஒரு தனி வாளி வேண்டும். சில்லின் மணல் கலந்த நீரைக் கொண்டு உடற்கூட்டைத் துடைத்தால் வண்ணம் கீறப்படும்.

நான்காவது, விரல்களை இடுக்கினுள் விடவேண்டாம். பிடி மறைத்துள்ள பகுதியைக் கழுவ வேண்டுமானால், எல்லோரும் விலகி நின்றபின் கட்டையை எடுத்து, வண்டியை அரைச்சுற்று நகர்த்தி, மறுபடியும் கட்டை கொடுத்துக் கழுவுங்கள். ஒருவர் கையை உள்ளே வைத்திருக்க, மற்றொருவர் வண்டியைத் தள்ளுவது விரலை இழக்கும் வழி. பிள்ளைகள் உதவிக்கு வரும்போது இதனை முதலிற் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பிறேக் தூளைக் காற்றடித்து ஊதலாகாது. முற்காலப் பிறேக்குகளிற் கல்நார் கலந்திருந்தது; அதன் நுண்ணிழைகள் நுரையீரலிற் புற்றுநோயை விளைவிப்பவை. பிரித்தானியா 1999 இல் அதனை முற்றாகத் தடைசெய்தது. ஆயினும் பழைய வண்டியில் என்ன இருக்கின்றதென்று கண்ணாற் காண இயலாது. எந்தத் தூளையும் நனைத்தே அகற்றுவது நன்று. விரைவிற் கறைபோக்கும் என்று அமிலக் கலவைகளை நாடவும் வேண்டாம். அவற்றுட் சில ஐதரோபுளோரிக் அமிலம் கொண்டவை. தோலினூடாக எலும்பு வரை ஊடுருவவல்ல நஞ்சு அது.

கழுவி முடிந்தபின் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். துருப்பிடியாதிருக்கப் பழைய இயந்திர எண்ணெயைச் சில்லின் உட்புறம் பூசும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஒரு துளி பிறேக் தட்டிற் பட்டாலும் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது. இறுதியாக, ஆளில்லாத இடத்தில் மெல்ல ஓட்டி, பிறேக்கைப் பலமுறை இலேசாக அழுத்துங்கள். தட்டு காயும்; பிறேக் பிடிக்கின்றதா என்பதும் தெரியும்.

நீரைப் பற்றியும் ஒரு சொல். நம் தீவின் மணலடியில் உள்ள நன்னீர், கனத்த உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்திருந்தால் அதன்கீழ் ஏறக்குறைய நாற்பதடி ஆழத்துக்கு நன்னீர் உண்டு என்பது அறிஞர் கண்ட விதி. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்புநீர் மேலேறும். மணலில் ஊற்றிய நஞ்சு எளிதிற் கீழிறங்கும். ஆகவே கிணற்றடியில் வண்டி கழுவாதீர்கள். ஒரு சில்லுக்கு ஒரு வாளி சவர்க்கார நீரும், அலச ஓரிரு வாளி நீரும் போதும். உங்கள் கிணற்று நீர் உவராயின், கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைநீரைப் பயன்படுத்துங்கள். உவர்நீராற் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும்.

நேயர்களே, அதிவேக வண்டி உங்களிடம் இல்லாதிருக்கலாம். துவிச்சக்கர வண்டிக்கும் முச்சக்கர வண்டிக்கும் லொறிக்கும் இவ்விதிகள் பெரும்பாலும் பொருந்தும். முகத்தைப் பிறர் பார்க்கின்றனர். அதனால் அதனை நாம் மறவாது கழுவுகின்றோம். நம்மைத் தாங்கிச் செல்வதோ எவரும் பாராத உட்புறம். வாரத்தில் ஒருநாள் அதற்கும் ஒரு வாளி நீர் ஒதுக்குங்கள்.