முகவரி இழந்த துகள்கள்

உள்ளங்கையை வானம் பார்க்க விரித்துப் பிடியுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் துகள் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. மேல் வளிமண்டலத்தில் அண்டக்கதிர் ஒன்று மோதிச் சிதறியதன் மிச்சம் அது. 1912இல் விக்டர் ஹெஸ் பலூனில் சுமார் 5,300 மீட்டர் உயரம் ஏறி, மேலே போகப் போகக் கதிர்வீச்சு கூடுவதை அளந்தார். அது வானிலிருந்து வருகிறது என்பது தெரிந்தது. வானில் எங்கிருந்து என்பதுதான் பெரும்பாடானது.

பெயர் கதிர் என்றாலும் இவை மின்னேற்றம் கொண்ட துகள்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், கொஞ்சம் எலெக்ட்ரான்கள். விண்மீன் வெடித்துச் சாகும்போது எழும் அதிர்ச்சி அலையில் வேகம் பெற்று, ஒளிக்குச் சற்றே பின்தங்கி ஓடுகின்றன. நேராக ஓடினால் சில ஆயிரம் ஆண்டுகளில் பால்வீதியின் தட்டைக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு கோடி ஆண்டுக்கும் மேலாக இங்கேயே அலைகின்றன. அவற்றோடு வரும் பெரிலியம்-10 என்ற கதிரியக்க அணு எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பதைக் கொண்டு இந்தக் காலத்தைக் கணிக்கிறார்கள்.

அலைய வைப்பது காந்தப்புலம். சுருள் விண்மீன் மண்டலங்களில் அது சுமார் 10 மைக்ரோகாஸ். பூமியின் புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெலிது. ஆனாலும் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலெக்ட்ரானை அது 33 லட்சம் கிலோமீட்டர் ஆரத்துக்குள் சுழல வைத்துவிடும். நிலவின் தொலைவைப் போல ஒன்பது மடங்குதான். ஒளியாண்டுக் கணக்கில் அது ஒன்றுமே இல்லை. இப்படி வளைந்து வளைந்து வருவதில் புறப்பட்ட திசையே அழிந்துபோகிறது.

பால்வீதிக்குள் இருந்துகொண்டு அதன் புலத்தை முழு உருவில் காண முடியாது. ஆகவே 2.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், நமக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கும் என்ஜிசி 4631ஐ, 'திமிங்கல' மண்டலத்தை, பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அது ஒல்லியான கீற்று. நியூ மெக்சிகோவில் 27 ஆன்டெனாக்கள் சேர்ந்து இயங்கும் விஎல்ஏ ரேடியோ தொலைநோக்கிக்கோ, கீற்றின் இருபுறமும் பல்லாயிரம் ஒளியாண்டுகள் விரிந்த ஒளிவட்டம் தெரிகிறது. தட்டிலிருந்து தப்பிய எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றும்போது சிந்தும் ரேடியோ அலைகள் அவை.

அந்த அலை அதிரும் திசையும், வழியில் அது அடையும் திருகலும் புலத்தின் போக்கைக் காட்டிக்கொடுக்கின்றன. 2019இல் வெளியான ஆய்வில், தட்டிலிருந்து காந்தப்புலம் கயிறுகளாக மேலெழுவது தெரிந்தது. ஒரு கயிற்றில் புலம் நம்மை நோக்கியும், அடுத்ததில் நம்மை விட்டு விலகியும் மாறி மாறிச் செல்கிறது.

துகளின் முகவரியை அழித்த அதே வளைவுதான் இந்தப் படத்தையும் வரைந்து தந்திருக்கிறது.