பணிக்களத்தில் ஜப்பானியச் சொற்கள்: இருங்காட்டுக்கோட்டை – ஒரகடம் தொழிற்பகுதியை முன்வைத்து

ஜப்பானியப் பண்பாட்டைத் தமிழுலகம் பெரிதும் இலக்கிய வழியிலும் மொழியியல் வழியிலுமே பேசிவந்துள்ளது. ஹைக்கூ வடிவத்தைப் பாரதியார் 1916இல் சுதேசமித்திரனில் அறிமுகப்படுத்தினார். பின்னர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் ஒப்பிட்டு எழுதியவை நீண்ட விவாதத்தைத் தோற்றுவித்தன. இவை ஏட்டுவழி வந்த உறவுகள். கடந்த கால் நூற்றாண்டில் அமைந்த இன்னோர் உறவு, தொழிற்சாலை வாயில் வழியாக வந்ததாகும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் கொரிய நிறுவனம். நிசானும் ரெனோவும் இணைந்து அமைத்த ஒரகடம் ஆலை 2010இலும், வல்லம் வடகாலில் யமஹா ஆலை 2015இலும் திறக்கப்பட்டன. நிறுவனம் எந்நாட்டினதாயினும், வாகனத் தொழிலின் பொதுமொழியில் ஜப்பானியச் சொற்கள் கலந்துள்ளன. கைசென், கன்பன், கெம்பா ஆகியவை அத்தகையன.

இவற்றுள் பரவலானது ‘ஐந்து எஸ்’ எனப்படும் ஒழுங்குமுறை. செய்ரி என்பது வேண்டியதையும் வேண்டாததையும் பிரித்தல். செய்தோன், பொருளை அதற்குரிய இடத்தில் வைத்தல். செய்சோ, துப்புரவு செய்தல். இம்மூன்றையும் தமிழாக்குவதில் இடர்ப்பாடு இல்லை. எஞ்சிய இரண்டிலேயே சிக்கல் எழுகிறது. செய்கெட்சு ஜப்பானியத்தில் தூய்மையைக் குறிக்கும் அன்றாடச் சொல். முதல் மூன்றாலும் பெற்ற தூய நிலையைப் பேணுதல் என்பதே இங்கு அதன் பொருள். ஆங்கிலத்திலும் ஐந்து சொற்களும் எஸ் எழுத்தில் தொடங்கவேண்டும் என்ற கட்டாயத்தால் அது ‘ஸ்டாண்டர்டைஸ்’ ஆயிற்று; ஷிட்சுகே ‘சஸ்டெய்ன்’ ஆயிற்று. தமிழாக்கமோ ஆங்கிலத்தையே மூலமாகக் கொண்டு ‘தரப்படுத்துதல்’, ‘நிலைநிறுத்துதல்’ என அமைந்தது. மோனைக்காகப் பொருளை வளைத்த மொழிபெயர்ப்பிலிருந்து மீண்டும் ஒரு மொழிபெயர்ப்பு!

ஷிட்சுகே என்பது குழந்தைக்கு வணங்கவும் உண்ணவும் பேசவும் கற்பிக்கும் வளர்ப்புமுறையைக் குறிக்கும். அதற்கான எழுத்து சீனத்திலிருந்து பெற்றதன்று. உடல், அழகு என்னும் இரண்டு குறிகளை இணைத்து ஜப்பானியரே ஆக்கிக்கொண்டது. ஆடையின் வடிவம் குலையாதிருக்கத் தையற்காரர் முன்னதாக இடும் தற்காலிகத் தையலுக்கும் இதே பெயர் உண்டு. ‘நிலைநிறுத்துதல்’ என்னும்போது மேலிருந்து ஒருவர் நிறுத்துகிறார். ‘ஒழுகு’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘ஒழுக்கம்’, பழகிப்பழகித் தன்னியல்பாகிவிட்ட நடத்தையைச் சுட்டுவது. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே பெயராக்கிய இச்சொல் இருக்க, வேறொன்றைத் தேடவேண்டியதில்லை.

மூலத்திலிருந்து நேரே பெயர்க்க ஆளில்லை என்றும் கூறவியலாது. ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியோரின் அமைப்பான ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் சென்னையில் ஜப்பானிய மொழியைக் கற்பித்துவருகிறது. தோசோகாய் என்பதன் சொற்பொருள் ‘ஒரே சாளரத்தார் கூட்டம்’, அதாவது உடன்பயின்றோர் சங்கம். உரையாசிரியர் வழக்கிலுள்ள ‘ஒருசாலை மாணாக்கர்’ என்னும் தொடர் இதற்கு மிக அணுக்கமானது.

கெம்பாவுக்கும் தமிழில் சொல் ஆயத்தமாகவே உள்ளது. செயல் நிகழும் இடம் என்பது அதன் பொருள்; குறை நேர்ந்தால் மேலாளர் அவ்விடத்துக்கே சென்று காணவேண்டும் என்பது அதனோடு வரும் நெறி. ஏர்க்களம், போர்க்களம் எனப் பழகிய தமிழுக்குப் ‘பணிக்களம்’ அயலானதன்று.

முடா, முரா, முரி என்னும் மூன்று சொற்கள் தனிக் கவனத்துக்குரியவை. முடா வீண், முரா சீரின்மை, முரி, மனிதர் மீதோ எந்திரத்தின் மீதோ ஏற்றப்படும் அளவுமீறிய சுமை. பயிற்சிகளில் முடாவைக் களைவது வலியுறுத்தப்படும் அளவுக்கு முரி பேசப்படுவதில்லை. முதற்சொல் தொழிலாளியிடம் சிக்கனத்தைக் கோருகிறது. மூன்றாவது, நிர்வாகத்திடம் அளவறிதலைக் கோருகிறது. வரிசையின் வேகம் தாங்கவில்லை என்று சொல்ல விரும்பும் தொழிலாளிக்கு, அம்முறைமைக்குள்ளேயே ஏற்புடைய சொல் இதுவாகும். இதைத் தமிழாக்காது விடுவது அவர் கையிலிருக்கவேண்டிய ஒரு நியாயத்தை மறைப்பதாகிறது.

தமிழிலும் ‘முரி’ ஒடிதலைக் குறிக்கும். இவ்வொலியொப்புமை தற்செயலானது, உறவுக்குச் சான்றாகாது. கருத்தொப்புமையோ உறுதியானது. மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்பதை வலியறிதல் அதிகாரம் உரைக்கிறது. ‘மிகைச்சுமை’ என்பது அளவை மட்டுமே சொல்லும். முரி என்பதன் எழுத்துவழிப் பொருள் ‘நியாயமின்மை’ ஆதலால், ‘தகாச்சுமை’ என்பதே பொருத்தமான ஆக்கம்.