வரப்பில் சீறும் மயில் உள்ளான்

"சார், வரப்புல ஒரு பறவை பாம்பு மாதிரி சீறுது. கோரைக்குள்ள உக்காந்துக்கிட்டு நகர மாட்டேங்குது. அண்டை வெட்ட முடியல. அடிச்சுத் தூக்கிப் போட்டுடலாமா?"

போன ஐப்பசியில் தஞ்சை மாவட்டத்து விவசாயி ஒருவர் போனில் என்னிடம் கேட்ட கேள்வி இது. தாளடி நடவுக்காக வயலை உழுது, தண்ணீர் கட்டி, ஆள் வைத்து அண்டை வெட்டிக்கொண்டிருந்தார். "கை வைக்காதீங்க அண்ணே, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், வரப்போரக் கோரையில் சிறு குழி போன்ற ஒரு கூடு. மேலே ஒரு மண்நிறப் பறவை. நான் குனிந்ததும் இரண்டு இறக்கைகளையும் விரித்து, வாலை விசிறியாக்கி, 'உஸ்ஸ்' என்று சீறியது. இறக்கை முழுக்க வட்ட வட்டமான மஞ்சள் பொட்டுகள், கண்கள் முறைப்பதுபோலத் தெரிந்தன. நான் இரண்டடி பின்வாங்கியதும் இறக்கையை மடக்கிக்கொண்டு கோரையோடு கோரையாகிவிட்டது. இதுதான் மயில் உள்ளான்.

இது கானாங்கோழி இல்லை

நம் வயல்களில் காலங்காலமாக வாழும் பறவைதான். ஆனாலும் பலர் பார்த்ததில்லை. பகலெல்லாம் புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும். அந்தி சாய்ந்தபிறகும் விடியற்காலையிலும்தான் மேயவரும். ஆள் அரவம் கேட்டால் பறக்காது, அப்படியே உறைந்து நிற்கும். காலடி வரை போனால்தான் எழும்பும். அப்போதும் கால்களைத் தொங்கவிட்டபடி சோம்பலாகக் கொஞ்ச தூரம் பறந்து, மறுபடி புல்லுக்குள் இறங்கிவிடும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வலசை வரும் விசிறிவால் உள்ளானோ வளைந்து நெளிந்து விர்ரென்று பறக்கும். இதை வைத்தே இரண்டையும் பிரித்து அறியலாம்.

சுமார் 25 செ.மீ. நீளம். நீண்ட அலகு, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கும். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெளிர்நிற வளையம். மார்பிலிருந்து தோள்வரை பூணூல் போல ஒரு வெள்ளைப்பட்டை.

அடைகாப்பது அப்பன்தான்

மயிலில் ஆண்தான் அழகு. இந்தப் பறவையில் தலைகீழ். பெட்டைக்குத்தான் கழுத்தும் மார்பும் செங்காவி நிறம், இறக்கையில் பச்சை மினுமினுப்பு. உருவத்திலும் அதுவே சற்றுப் பெரியது. ஜோடி தேடிக் கூப்பிடுவதும் பெட்டைதான். வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அதுபோன்ற 'கூ... கூ...' சத்தம். ராத்திரியில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கேட்டிருப்பீர்கள். பெட்டையின் மூச்சுக்குழல் நீண்டு சுருண்டிருப்பதால்தான் அந்தக் கனத்த ஒலி.

பெட்டை பெரும்பாலும் 4 முட்டை இடும். பிறகு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது முழுக்க ஆணின் வேலை. ஏறக்குறைய 3 வாரத்தில் குஞ்சு பொரிக்கும். பொரித்த கொஞ்ச நேரத்திலேயே குஞ்சுகள் கூட்டைவிட்டு அப்பன் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். நம் வரப்பில் சீறியதும் அப்படி ஓர் அப்பன்தான்.

என் பங்கும் உண்டு

இதைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் உறுத்துகிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஊர் ஊராகப் போய், "வரப்புல ஒரு புல் இருக்கக் கூடாது, சுத்தமா வழிச்சிடுங்க" என்று பேசியவன் நான். எலிக்கும் பூச்சிக்கும் அந்தப் புல் புகலிடம் என்பது உண்மைதான். இன்றும் அதை மறுக்க மாட்டேன். ஆனால், அந்தப் புல்லுக்குள் இப்படி ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்று அன்றைக்கு நான் ஒருமுறையும் சொன்னதில்லை. எத்தனை கூடுகள் மண்வெட்டியில் போயினவோ!

மண்புழு, நத்தை, பூச்சி, சிறு நண்டு, விதைகள், சிந்திய நெல் ஆகியவை இதன் உணவு. இதை நம்பிப் பயிர்ப் பாதுகாப்பையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அதேசமயம், நம் பயிருக்கு இதனால் கெடுதல் இல்லை. சேற்றில் அலகை விட்டுத் துழாவும் பறவை என்பதால், நாம் வயலில் போடும் விஷம் இதற்கு நேராக வாய்க்குள் போகும்.

அந்த அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். "நாலு முழம் வரப்பு தானே சார், கெடக்கட்டும். மத்ததை வெட்டிக்கிறேன்" என்றார். கூட்டைச் சுற்றி மட்டும் கோரையை விட்டுவிட்டு நடவை முடித்தார்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது. "சார், கூடு காலியா கெடக்கு. கீரி தூக்கிடுச்சோ என்னவோ." எனக்கும் அந்தக் கவலைதான். இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் மறுபடி அழைத்தார். இந்த முறை குரலைத் தாழ்த்திப் பேசினார். "சத்தம் போடாதீங்க சார். முன்னால பெருசு போவுது, பின்னால மூணு குஞ்சு. வாய்க்காலத் தாண்டுதுங்க."

நீங்கள் செய்யக்கூடியது

* அண்டை வெட்டும் முன், புல் அடர்ந்த இடத்தைக் குச்சியால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். நம் நாட்டில் இது ஏறக்குறைய ஆண்டு முழுவதும் முட்டையிடும். இடத்துக்கு இடம் மாதம் மாறும்.

* கூடு இருந்தால் சுற்றிலும் நாலு முழம் விட்டுவிடுங்கள். களைக்கொல்லியும் அங்கே அடிக்க வேண்டாம். 3 வாரம் பொறுத்தால் போதும். எலி வளை இருந்தால் மற்ற பகுதியில் கிட்டி வையுங்கள்.

* முட்டையைத் தொடாதீர்கள். அடிக்கடி போய்ப் பார்க்கவும் வேண்டாம். உங்கள் தடம் பிடித்து நாய் வரும்.

* போரேட் குருணையைப் பயன்படுத்த 2020 முடிவோடு அரசு தடை விதித்துவிட்டது. வீட்டு மூலையில் பழைய பாக்கெட் கிடந்தால் வயலில் போடாதீர்கள். வேளாண் அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்துங்கள்.

* கண்ணி வைத்துப் பிடிப்பது 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

உங்கள் ஊரில் இந்தப் பறவைக்கு வேறு பெயர் இருந்தால், கேள்வி-பதில் பகுதிக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். எந்த மாதம், எந்தப் பயிரில் கூட்டைப் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அண்டை வெட்டும் நேரத்தில் மற்றவர்களுக்கும் உதவும்.