சோலாருக்குக் காணி கேட்டு ஆள் வந்தால்

எங்கள் அக்கரைப்பற்றுப் பக்கம் காணி கேட்டு வெளியூர் ஆள் வந்தால் முதலில் தேத்தண்ணி, அடுத்தது கையொப்பம். பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது காசு வராமல் போன பிறகுதான். குத்தகையிலும் ஈட்டிலும் இதைக் கண்டு அலுத்துவிட்டது. சோலார் விஷயத்தில் இதே தவறைச் செய்தால் இருபது வருடத்துக்குக் காணி போய்விடும்.

பக்கத்து மொனராகலை மாவட்டத்துச் சியம்பலாண்டுவையில் 100 மெகாவாட் சோலார் நிலையம், பட்டரிச் சேமிப்போடு திட்டமிடப்பட்டு வேலை நடக்கிறது. தேவை உண்மையானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சியதால், கூரைச் சோலார் வைத்தவர்களைப் பிற்பகல் 3 மணிவரை நிறுத்திவைக்கக் கேட்டது மின்சார சபை. மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கப் பட்டரி வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை.

ஆனால் திருகோணமலை முத்துநகரைப் பாருங்கள். பல்லாண்டுகள் நெல் விதைத்த நிலம், துறைமுக அதிகாரசபையின் காணி என்று சோலாருக்கு ஒதுக்கப்பட்டது. விவசாயிகள் 2025இல் மாவட்டச் செயலகத்தின் முன் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. எத்தனை போகம் விதைத்தீர்கள் என்று எந்த அதிகாரியும் முதலில் கேட்பதில்லை, பேப்பரைத்தான் கேட்கிறார். வட்டமடுவில் விவசாயியும் மாட்டுக்காரரும் வன இலாகாவும் ஒரே நிலத்துக்கு இழுபறிப்பட்ட ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் வேலை, உங்கள் கையிலிருப்பது உறுதியா, அளிப்புப் பத்திரமா, பெர்மிட்டா, வெறும் ஆட்சியா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் உறுதிப்படுத்துவது. உறுதிக் காணி என்றால் காணிப் பதிவகத்தில் பதிவைத் தேடிப் பிரதி எடுங்கள். இன்னும் மர்ஹூம் வாப்பாவின் பேரில் இருந்தால், ராத்தா, தங்கச்சிமாரின் பங்கை விட்டுவிட்டு ஆண்மக்கள் மட்டும் கையொப்பமிட முடியாது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி வந்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்றினால் அது செல்லாது. சட்டத்துக்கு மாறான அந்த எழுத்தை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. தரகர் "பிறகு சரிசெய்யலாம்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.

வயல்காணி என்றால் இன்னொரு படி. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயலை நிரப்பவோ அதில் கட்டவோ முடியாது. கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயரும் ஏக்கர் கணக்கும் சரியா என்று இன்றே பாருங்கள். வட்டைவிதானை சொன்னார் என்பது பதிவு ஆகாது. குத்தகைக்குச் செய்பவரும் தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையத்துக்குச் சுற்றாடல் அங்கீகாரம் வேண்டும். ஒரு ஹெக்டேயருக்கு மேல் காடு வெட்டினாலும் வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானதும் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அறிவித்தல் தமிழிலும் வரவேண்டும். அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுவந்து தரமாட்டார்கள். மேய்ச்சல் தரை, வடிச்சல், பட்டரிக் கொள்கலன்கள் வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம், தீப்பிடித்தால் எந்தத் தீயணைப்புப் பிரிவு வரும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். 2025 ஜனவரி 16இல் கலிபோர்னியாவின் மொஸ் லேண்டிங் பட்டரி நிலையம் எரிந்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். குத்தகை முடிந்ததும் பலகைகளையும் பட்டரிகளையும் யார் அகற்றுவது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

அலுவலகத்தில் "நாளைக்கு வாங்க" என்றால் வாதாட வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. எந்த வட்டை, யாருக்கு ஒதுக்கீடு, எந்தத் திகதி, எந்தக் கடிதம் என்று குறிப்பாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவுசெய்ய வேண்டும். மறுத்தால் 14 வேலை நாட்களுக்குள் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைக் காணி உறுதியோடு சேர்த்து வையுங்கள். வெற்றுக் கடதாசியில் மட்டும் கையொப்பமிடாதீர்கள். முற்பணத்தைக் கண்ணில் காட்டினாலும் இடாதீர்கள்.