இறக்கத்தில் தெரியும் என்ஜின்

நுவரெலியாவிலிருந்து நானுஓயாவுக்கும், அங்கிருந்து லிந்துலை, தலவாக்கலை, கொட்டகலை வழியாக ஹட்டனுக்கும் செல்லும் வீதியின் இருமருங்கும் படர்ந்து கிடக்கும் தேயிலை மலைகளில், பிரதான வீதியை விட்டு நெடுந்தூரம் மேலேறி லயங்களில் குடியிருக்கும் ஜனங்களுக்கு, மோட்டார் கார் என்பது துரையின் பங்களாவுக்கு மாத்திரம் உரிய வஸ்துவாக இருந்த காலம் போய்விட்டது. நடுநிசியில் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டால் தோட்டத்து லொறி வரும்வரை வாசலில் காத்து நின்றதையும், வந்த லொறியில் கொழுந்துச் சாக்குகளை விரித்து அவளைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் மறக்காத முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளையொன்று, கொழும்பிலே கடையில் நின்று சேர்த்த பணத்தை மடியில் முடிந்துகொண்டு, பழையதானாலும் சொந்தமாக ஒரு கார் வேண்டும் என்று வந்து நிற்குமானால், அதை ஆசை என்பதைவிட அவசியம் என்பதே பொருந்தும்.

அந்த அவசியத்தோடு வருகிறவனுக்குச் சந்தையில் முதலில் அகப்படுவது, பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய ரகக் கார்களில் மிகப் பழையதாய், ‘என்ஜினில் கொஞ்சம் வேலை இருக்கிறது’ என்று விற்பவரே ஒப்புக்கொள்வதாய் இருக்கும் ஒன்றேயாகும். அந்நியச் செலாவணி நெருக்கடியை முன்னிட்டு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் நாட்டிலிருந்த பழைய வண்டிகளே கைக்குக் கை மாறி, புதிதாக வாங்கிய நாளில் கொடுத்த ரூபாயைவிட அதிக ரூபாய்க்கு விலைபோயின. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை புதிய காரைச் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்திலேயே வைத்திருக்கிறது. 2024 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்பதை நினைத்துக்கொண்டால், ஒரு பழைய காரின் கிரயத்தில் எத்தனை ஆண்டு உழைப்பு அடங்கியிருக்கிறது என்பது விளங்கும். ஆகையால் அந்தத் தீர்மானத்தை நிதானமாக விசாரித்தே எடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு பனிக்காலக் காலையில், நுவரெலியாவில் எனக்குப் பழக்கமான ஒரு கராஜில் இத்தகைய விசாரணை ஒன்றை நேரிலே காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வண்டி ஒரு மாருதி 800. இந்தியாவில் 1983 டிசம்பரில் வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன அந்தச் சின்னஞ்சிறு கார், 796 கன சென்டிமீற்றர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்டது. அதற்கு வேண்டிய சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன என்பதும், அதன் உள்ளமைப்பு மலைநாட்டு மெக்கானிக்குகளுக்கு மனப்பாடம் என்பதும் அதன் பெரும் பலங்கள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த இளைஞர், நுவரெலியா ஆஸ்பத்திரியின் மாதாந்தக் கிளினிக்குக்குத் தம் தாயாரை ஆட்டோவில் அழைத்துவந்து போகும் செலவே தம்மை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்றார்.

“பாஸ், பொகையப் பாத்தாலே பயமா இருக்கே” என்றார் அவர்.

“தம்பி, இந்தக் குளிருல நீங்களும் நானும்கூடத்தான் பொகை விடுறோம். கொஞ்சம் பொறுங்க, வண்டி சூடாகட்டும்” என்றார் மெக்கானிக்.

அந்த மறுமொழியில் ஒரு முழுப் பாடம் அடங்கியிருந்தது. குளிர்ந்த காலையில் எந்த நல்ல என்ஜினும் வெண்புகைபோல் நீராவியை விடும். என்ஜின் சூடேறியதும் அது மறைந்துபோகும். சூடேறிய பின்னரும் வெண்புகை தொடர்ந்து, அதிலே ஓர் இனிய வாடையும் கலந்திருந்தால், ரேடியேட்டர்த் திரவம் சிலிண்டருக்குள் கசிகிறது, தலைப்பகுதியின் கேஸ்கட் போயிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். கியரில் வைத்தபடி நீண்ட இறக்கமொன்றை இறங்கி முடித்து, மறுபடி அக்ஸிலேட்டரை மிதிக்கும் கணத்தில் குபீரென்று நீலமாக வந்தால் வால்வுச் சீல்களே பெரும்பாலும் தேய்ந்திருக்கும். ஏற்றத்திலும் சமதரையிலும் ஓயாமல் வந்தால் பிஸ்டன் ரிங்குகளைப் பற்றி யோசிக்க வேண்டும். கரும்புகையோ பெற்றோல் மிகுதியாக எரிவதைக் காட்டுவது. கடல்மட்டத்துக்கு அண்மையில் சரிசெய்யப்பட்ட காபரேட்டர், சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் மெலிந்த காற்றிலே தானாகவே அந்தக் குற்றத்தைச் செய்யும். அதற்கு வேண்டியது சிறிய திருத்தமே ஒழிய என்ஜினைப் பிரிக்கும் வேலையல்ல.

அடுத்து அவர் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தபோது, அதன் அடியில் மோர் திரிந்தாற்போன்ற வெண்ணிறப் பசை ஒட்டியிருந்தது. இளைஞரின் முகம் வாடிவிட்டது. எண்ணெயோடு தண்ணீர் கலந்ததற்கு அதுவே சாட்சி என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். குளிர்ப் பிரதேசத்தில் குறுந்தூரம் மாத்திரமே ஓடும் வண்டியில், உள்ளே குளிர்ந்து படியும் ஈரம் ஆவியாகிப் போக அவகாசமில்லாமல் மூடியில் அப்படித் தங்குவது உண்டு. மெக்கானிக் எண்ணெய் அளவு கம்பியை உருவி, துணியில் துடைத்து, மீண்டும் விட்டெடுத்துப் பார்த்தார். கம்பியிலிருந்த எண்ணெய் கறுத்திருந்தாலும் கலங்கவில்லை. குளிர்ந்திருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்தபோது தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலமும் இல்லை. கேஸ்கட்டின் மீதிருந்த சந்தேகம் அத்தோடு பெரும்பாலும் நீங்கியது.

பின்னர் நடந்ததே பிரதான பரீட்சை. மூன்று பிளக்குகளையும் கழற்றி, அக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் அழுத்தமானியைப் பொருத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்த்தார். முதலாவதில் சதுர அங்குலத்துக்கு 132 இறாத்தல், இரண்டாவதில் 130, மூன்றாவதில் 90. சமதரைக் கணக்கிலே நல்ல என்ஜினுக்கு 160, 170 என்று வர வேண்டும் என்று படித்திருப்பவர் மூன்றும் பழுது என்றே தீர்ப்புச் சொல்லியிருப்பார். நுவரெலியாவின் வளிமண்டல அழுத்தமோ கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். மானி காட்டும் எண்ணும் அந்த அளவுக்குக் குறைந்தே நிற்கும். ஆகவே மலைநாட்டில் எண்ணின் பெருமையைப் பாராமல், சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தையே பார்க்க வேண்டும். அது பத்துப் பதினைந்து வீதத்தைத் தாண்டினால் நோய் இருக்கிறது. மூன்றாவது சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி சுழற்றினார். மானி 94 இல் நின்றது. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தத்தை உயர்த்தியிருக்கும். உயரவில்லை என்பதால், காற்று மேலே வால்வின் வழியாகவே தப்புகிறது என்று அவர் முடிவுகட்டினார். தலைப்பகுதியை மாத்திரம் கழற்றி வால்வு வேலை செய்தால் போதும், சிலிண்டரைப் போர் செய்யும் பெருஞ்செலவு வேண்டியதில்லை என்பது அதன் தாற்பரியம்.

இந்த இடத்தில், பழைய கார் வாங்கப் போகும் ஒவ்வொருவரும் மனதிற் பதிக்க வேண்டிய ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சமதரையில் என்ஜினுக்கு வண்டியை இழுப்பது ஒன்றே தொழில்; மலைநாட்டிலோ இழுப்பதோடு பிடிப்பதும் அதன் தொழில். காற்று மெலிந்த அளவுக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு வரை, நல்ல என்ஜினே தன் பலத்தை இங்கு இழந்துவிடுவதால், தேய்ந்த என்ஜின் நால்வரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் திணறும் என்பது யாவர்க்கும் தெரியும். ஆனால் ஏற்றத்தில் நின்றுவிட்ட கார் வெட்கத்தையே தரும். இறக்கத்தில் நிற்காத கார் உயிரையே கேட்கும். முதலாம், இரண்டாம் கியரில் என்ஜின் வண்டியைப் பற்றிக்கொண்டு இறங்கும்போதுதான் பிரேக் குளிர்ந்திருக்கும். இடைவழியில் என்ஜின் நின்றுபோய்க் கிளட்ச்சை மிதித்துவிட்டாலோ கியர் நழுவினாலோ, முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். ஆண்டுக்கணக்கில் மாற்றாத பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால், அந்தச் சூட்டிலே உள்ளே குமிழியிட்டு, மிதித்த கால் அடிவரை அமிழ்ந்துபோகும். 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா ரதெல்லக் குறுக்கு வீதியின் செங்குத்தான இறக்கத்தில் பஸ்ஸும் வேனும் ஆட்டோவும் மோதி ஏழு பேர் உயிரிழந்ததை மலைநாடு இன்னும் மறக்கவில்லை. நமது வீதிகளில் இறக்கம் என்பது எத்தகைய பரீட்சை என்பதற்கு அதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

ஆகவே ‘இப்போதைக்கு ஓட்டிக்கொள்வோம், என்ஜின் வேலையை அடுத்த தீபாவளிக்குப் பார்ப்போம்’ என்ற எண்ணத்துக்கு இந்த நாட்டிலே இடமில்லை. திருத்தும் பணமும் கையில் இருந்தால் மாத்திரமே அந்தக் கார் மலிவானது. இல்லையேல் அது எத்தனை மலிவாக வந்தாலும் நமக்கு எட்டாத விலையுடையதே. விற்பவர் சொல்லும் கிரயத்தோடு, மெக்கானிக் சொல்லும் என்ஜின் செலவு, பிரேக், டயர், ரேடியேட்டர், இன்சூரன்ஸ், பெயர்மாற்றக் கட்டணம் ஆகியவற்றைக் கூட்டி, பிரித்துப் பார்த்த பிறகு புதிதாய்த் தோன்றும் பழுதுகளுக்கென்று என்ஜின் செலவில் மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டுத்தொகைக்கு, ஓடும் நிலையில் உள்ள இன்னொரு கார் அகப்படுமானால், பழுதானதைத் தேடிப்போவதில் அர்த்தமில்லை.

என்ஜின் வேலைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதை அளக்கலாம், விலை பேசலாம், முடித்துவிடலாம். துரு அப்படியல்ல. மழையும் மூடுபனியும் ஓயாத ஊரில், வெளியே பளபளக்கும் சாயத்தின் அடியில் தளத்தகடும், சக்கரத் தாங்கிகள் பொருந்தும் இடங்களும் உளுத்துப்போயிருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கிப் பாராமலும், திருப்புளியின் பிடியால் அடிப்பாகத்தைத் தட்டிப் பாராமலும் ஒரு சதமும் முற்பணம் கொடுக்கலாகாது. பத்திரமும் அவ்வாறே. பதிவுப் புத்தகத்திலுள்ள என்ஜின் இலக்கமும் சேசிஸ் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். முன்பொரு காலத்தில் ரீகண்டிஷன் என்ஜின் மாற்றி, அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால், அந்தச் சிக்கல் வாங்குபவரின் தலையில்தான் விடியும். நாலைந்து கை மாறியும் பெயர் மாற்றாமல், கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு மாத்திரம் வரும் வண்டியை, எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுவதே விவேகம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டியிருப்பதால், இன்று சகித்துக்கொள்ளும் புகை நாளை அந்த வாசலிலே வழிமறிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

அந்த இளைஞர் இவையனைத்தையும் பொறுமையோடு செய்தார். தளத்தகடு உறுதியாக இருந்தது, இலக்கங்கள் ஒத்திருந்தன. மானி காட்டிய எண்களைக் கடதாசியில் எழுதி விற்பவரிடம் காட்டி, வால்வு வேலைக்குரிய தொகையை விலையில் குறைக்கச் சொன்னார். விற்பவரும் மனம் கோணாமல் ஒரு பகுதியைக் குறைத்தார். வண்டி வீட்டுக்குப் போகவில்லை. மூன்று வாரம் கராஜிலேயே நின்றது. வால்வுகள் அரைத்துப் பொருத்தப்பட்டன. கேஸ்கட்டும் டைமிங் பெல்ட்டும் பிரேக் எண்ணெயும் புதிதாயின.

திரும்ப எடுக்கும் நாளில் மெக்கானிக்கும் கூட ஏறிக்கொள்ள, நானும் பின்னாசனத்தில் அமர்ந்து நானுஓயா வரை போனேன். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்கச் சொன்னார் அவர். என்ஜின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வண்டியைப் பற்றிப் பிடித்தபடி இறங்கியது. அடிவாரத்தில் ஓரமாய் நிறுத்தியதும், “எறங்கிப் போயி சில்லுக்குக் கிட்ட கைய வச்சுப் பாருங்க தம்பி” என்றார்.

இளைஞர் குனிந்து முன்சக்கரத்தின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு மறுபக்கச் சக்கரத்துக்கும் போய் அவ்வாறே பார்த்தார். சூடு அதிகம் இல்லை. எழுந்து, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, “அப்ப வர்ற கிளினிக்குக்கு அம்மாவ இதுலயே கூட்டிட்டு வரலாம்” என்றார்.